சமூகவியல்காரர்களுக்கு வெள்ளத்தில் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். குற்றம் நடந்தால் பார்க்க போலீஸ் இருக்கிறது, வெள்ளம் வந்தால் பார்க்க வருவாய்த்துறையும் தீயணைப்புத்துறையும் இருக்கின்றன, இதற்கு நடுவில் சமூகவியல் பேராசிரியர்கள் அரசுப் பணத்தில் "குற்றம், பேரிடர், சமூகம்" என்று ஆராய்ச்சி செய்வதால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தார். அதற்கு எதிர்ப்பக்கத்திலேயே உங்கள் செய்தி ஒன்று: "பெரும்பாக்கம் வாலிபர்கள் மூவர் கைது". உள்ளே படித்தால் திருட்டு நடந்தது வேறு இடம், பிடிபட்டது வேறு இடம். தலைப்பில் மட்டும் பெரும்பாக்கம் கொட்டை எழுத்தில்; சென்னைக் குடிசை மக்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்த இடங்களில் ஒன்று அது.

நான் அரசுக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் சொல்லிக்கொடுத்து சம்பளம் வாங்குகிறவள். கடிதத்தைப் படித்ததும் சுருக்கென்று இருந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். எங்கள் துறைகளில் நடக்கிற ஆராய்ச்சியில் பெரும்பகுதி எதற்கும் உதவாது என்பதை நானே ஒப்புக்கொள்வேன், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் குற்றம், பேரிடர், சமூகம் என்ற இந்த மூன்றையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஒன்று. நடந்தது அமெரிக்காவில், சிகாகோவில்.

1995 ஜூலை நடுவில் அந்த ஊரில் வெயில் கொளுத்தியது. 13ஆம் தேதி 106 டிகிரி ஃபாரன்ஹீட். வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள், நாங்கள் வருடாவருடம் பார்க்கிற வெயில்தானே என்று. ஆனால் அந்த ஒரு வாரத்தில் சிகாகோவில் வழக்கமாக இறப்பவர்களைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 739 பேர். பிணவறையில் இடமில்லாமல் வெளியே குளிர்சாதன லாரிகளை வரிசையாக நிறுத்தி உடல்களை வைத்தார்கள். மேயர் இந்த எண்ணிக்கையையே நம்பவில்லை, வயதானவர்கள் எப்படியும் சாகத்தானே செய்வார்கள், எல்லாவற்றையும் வெயில் கணக்கில் எழுதுவதா என்கிற தோரணையில் பேசினார். (எந்த ஊர் மேயர்தான் எண்ணிக்கையை உடனே ஒப்புக்கொண்டிருக்கிறார்?)

எரிக் க்ளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர், அதே ஊரில் வளர்ந்தவர், இறந்தவர்கள் எந்தெந்தத் தெருவில் இறந்தார்கள் என்று தேடிப் போனார். அங்கே நார்த் லான்டேல், லிட்டில் வில்லேஜ் என்று ஒட்டி ஒட்டி இரண்டு பகுதிகள். இரண்டிலும் ஏழைகள் உண்டு, தனியாக வாழும் முதியவர்கள் உண்டு, வெயிலும் ஒரே வெயில்தான். ஆனால் நார்த் லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர் என்ற விகிதத்தில் இறந்திருக்கிறார்கள், லிட்டில் வில்லேஜில் லட்சத்துக்கு 4 பேர் கூட இல்லை. பத்து மடங்கு வித்தியாசம், இடையில் இருப்பதோ ஒரு ரோடு மாதிரிதான்.

ஏன் என்று பார்த்தால், நார்த் லான்டேலில் பெரிய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, வேலை போய், போக முடிந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். பல வீடு காலி, காலி மனையில் புதர், முனையில் போதைமருந்து விற்கிற பையன்கள். மிஞ்சியிருந்த வயதானவர்கள் பயத்தில் ஜன்னலையும் கதவையும் இறுகச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். அந்த வெயிலில் அப்படிக் கிடந்தால் என்ன ஆகும்? பக்கத்து லிட்டில் வில்லேஜில் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள், தெரு முழுக்கக் கடைகள், நடைபாதையில் வியாபாரம், எப்போதும் ஜன நடமாட்டம். அங்கே ஒரு கிழவி வெளியே வந்து கடைக்குள் ஏ.சி.யில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகலாம், இரண்டு நாள் காணோம் என்றால் கடைக்காரனே கேட்பான். மருத்துவர்கள் எழுதியது வெப்பத்தால் மரணம் என்று, அது சரிதான். ஆனால் தெரு எப்படி இருந்தது, தெருவைப் பற்றிய பயம் எப்படி இருந்தது என்பதைச் சேர்க்காமல் அந்தச் சாவுக் கணக்கை விளக்க முடியாது. இது போலீஸ் கோப்பிலும் வராது, வானிலை மைய அறிக்கையிலும் வராது, யாராவது ஒருவர் தெருத்தெருவாகப் போய் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

அதே ஊரில், கிட்டத்தட்ட அதே சமயத்தில், ராபர்ட் சாம்ப்ஸன் என்ற சமூகவியல் பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் இன்னொரு வேலை செய்தார்கள். நகரத்தை 343 பகுதிகளாகப் பிரித்து 8,782 பேரிடம் கேள்வி கேட்டார்கள். கேள்விகள் ரொம்ப சாதாரணமானவை: பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா? சுவரில் கிறுக்கினால் கேட்பார்களா? வீட்டு வாசலில் அடிதடி நடந்தால் இறங்கி விலக்கிவிடுவார்களா? பக்கத்திலிருக்கிற தீயணைப்பு நிலையத்தை மூடப்போகிறேன் என்று அரசு சொன்னால் ஒன்றுசேர்வார்களா? கூடவே, பக்கத்து வீட்டுக்காரரை நம்பலாமா என்றும் கேட்டார்கள். நம்பிக்கையும் தட்டிக்கேட்கிற பழக்கமும் இருக்கிற இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. ஏழைப் பகுதியா, குடியேறிகள் பகுதியா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அப்படித்தான் வந்தது. 1997-இல் வெளியான இந்த ஆய்வைத்தான் இன்றுவரை குற்றவியல் வகுப்புகளில் பாடமாக நடத்துகிறோம்.

எனக்கு அதில் பிடித்தது பிறகு அவர்கள் செய்த இன்னொரு காரியம். முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கடிதங்களை ஆயிரக்கணக்கில் நகரம் முழுக்கத் தெருக்களில் வேண்டுமென்றே தவறவிட்டார்கள். எந்தத் தெருவில் போட்ட கடிதம் யாரோ ஒருவர் எடுத்துத் தபால் பெட்டியில் போட்டதால் வந்து சேர்கிறது, எந்தத் தெருவில் போட்டது வரவில்லை என்று எண்ணினார்கள். ஒரு அந்நியருக்கு உதவ இரண்டு நிமிடம் செலவழிக்கிற மனசு ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க இதைவிட எளிய வழி இருக்க முடியாது. நம் ஊரில் ஆதார் கார்டைத் தவறவிட்டவர்கள் யாராவது கணக்கெடுத்தால் தேவலை.

சாம்ப்ஸன் குழு கண்டுபிடித்ததில் உங்கள் பத்திரிகைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. தெருக்களை வண்டியில் போய் வீடியோ எடுத்து, குப்பை, உடைந்த பாட்டில், சுவர்க் கிறுக்கல் எல்லாவற்றையும் உண்மையிலேயே எண்ணி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அங்கே குடியிருப்பவர்களிடம் "உங்கள் பகுதி எவ்வளவு மோசம்" என்று கேட்டார்கள். இரண்டும் முழுக்கப் பொருந்தவில்லை. குப்பை ஒரே அளவு இருந்தாலும், கறுப்பின மக்களும் ஏழைகளும் அதிகமாக வாழும் பகுதியை மக்கள் கூடுதல் மோசம் என்று சொன்னார்கள். கறுப்பின மக்களே அப்படித்தான் சொன்னார்கள். அதாவது ஒரு ஏரியாவைப் பார்த்தால் நமக்கு வருகிற பயத்தில் ஒரு பங்கு கண்ணில் படுவதால் வருவது, மிச்சம் அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டதால் வருவது. கேள்விப்படுவது எங்கிருந்து? பத்திரிகையிலிருந்தும்தான்.

போன தடவை கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு மாணவி என்னிடம் வந்து, "மேடம், அட்ரஸ்ல கண்ணகி நகர்னு போடாம துரைப்பாக்கம்னு மட்டும் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். ஏன் என்றேன். அண்ணனுக்கு மூன்று இடத்தில் வேலை கிடைக்கிற மாதிரி வந்து, முகவரியைக் கேட்டதும் "சொல்லி அனுப்புகிறோம்" என்று விட்டுவிட்டார்களாம். அவள் அழவெல்லாம் இல்லை, பேனாவை வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள், சாப்பாட்டு டோக்கன் கேட்கிற மாதிரி. வகுப்பில் விசாரித்தேன். செம்மஞ்சேரிப் பிள்ளைகள் சோழிங்கநல்லூர் என்று போடுவார்களாம், பெரும்பாக்கத்துப் பிள்ளைகள் மேடவாக்கம். பின்கோடு மாறினால் கொரியர் வராதே என்றேன். கொரியர் வராட்டி பரவாயில்லை மேடம், வேலை வந்தா போதும் என்றான் ஒருவன்.

இந்த மூன்று இடங்களும் எப்படி வந்தன என்று உங்கள் இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கண்ணகி நகர் 2000-ஐ ஒட்டி வந்தது. சென்னையின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, சாலையோரக் குடிசைகளை எடுத்து அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள், 15,000 வீடுகளுக்கு மேல். செம்மஞ்சேரிக்கு 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் வீடிழந்த குடும்பங்கள் போயின. பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை மக்களை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள், பள்ளிக்கூட வருடத்தின் நடுவில். ஆக இவற்றில் இரண்டு, பேரிடரைக் காரணம் காட்டி நிரப்பிய ஊர்கள் என்றே சொல்லலாம். கொண்டுபோய் வைத்த இடமாவது மேடா என்றால், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றிய தாழ்வான நிலம். செம்மஞ்சேரியில் ஒரு நல்ல மழைக்குக் கீழ்வீட்டில் தண்ணீர் வந்துவிடும். 2023 மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கம் முழுக்கப் படகு விட்டதை உங்கள் பத்திரிகையே படம் போட்டது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டுபோனவர்களை வெள்ளத்தில் வைத்தோம், அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன், பொறியாளர்கள் பதில் சொல்லட்டும்.

நான் பேச வந்தது வேறு. வீடு ஒதுக்கியபோது யாருக்கு எந்த பிளாக், எந்த மாடி என்பது குலுக்கலிலும் பட்டியல் வரிசையிலும் போனது. சைதாப்பேட்டைக் கரையில் ஒரே சந்தில் முப்பது வருடம் இருந்தவர்கள் ஆளுக்கொரு பிளாக்கில் போய் விழுந்தார்கள். பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு அம்மாவைப் பார்த்தேன், அங்கே ஆற்றங்கரையில் இட்லிக் கடை போட்டிருந்தவர். அவருக்கு வாடிக்கையாளர்கள் போனது ஒரு நஷ்டம், அவர் அதைவிட அதிகமாகப் பேசியது கைமாத்தைப் பற்றி. அங்கே அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் என்றால் எதிர்வீட்டில் கேட்கலாம், சீட்டுப் பிடிக்கிற அக்கா இருந்தாள், பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இங்கே எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது, யார் என்றே தெரியாது. லிஃப்ட் ரிப்பேரானால் கீழே இறங்குவதில்லை, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பேத்தியை வெளியே விடுவதில்லை. மாடிப்படியில் பையன்கள் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் பிள்ளை என்று தெரியாததால் யாரும் கேட்பதில்லை. "அங்க இருந்தப்போ அவன் அப்பன் காதத் திருகி இழுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார். சாம்ப்ஸனின் கேள்வித்தாளை அந்த அம்மாவிடம் நான் நீட்டவே வேண்டியிருக்கவில்லை.

இது சென்னையில் மட்டும் நடந்ததா என்றால் கிடையாது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1972 பிப்ரவரி 26 அன்று, நிலக்கரிக் கம்பெனி ஒன்று கழிவைக் கொட்டிக் கட்டிவைத்திருந்த அணை உடைந்து பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கில் 125 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களை அரசு டிரெய்லர் முகாம்களில் குடிவைத்தது, யார் யாருக்கு அண்டைவீடு என்று பார்க்காமல். கம்பெனி மேல் வழக்குப் போட்ட வக்கீல்கள், கய் எரிக்சன் என்ற யேல் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியரை அந்த மக்களிடம் போய் விசாரிக்கச் சொன்னார்கள். வருடம் தாண்டியும் அந்த மக்களுக்குத் தூக்கமில்லை, எங்கும் போகப் பிடிக்கவில்லை, முகாமில் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் திருடர்கள், குடிகாரர்கள் என்று ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அதே பள்ளத்தாக்குக்காரர்கள்தான்! வெள்ளம் ஒரு அடி, அக்கம்பக்கத்தைக் கலைத்தது இரண்டாவது அடி என்று எரிக்சன் காட்டினார், முதல் அடியைவிட இது ஆற நாளாகும் என்றும். 1974-இல் கம்பெனி 1 கோடியே 35 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. சமூகவியல் ஆராய்ச்சியால் யாருக்கு லாபம் என்று கேட்ட பெரியவருக்கு, அந்த வழக்கில் இருந்த அறுநூறு பேருக்கும் மேல் என்று சொல்லலாம்.

ஜப்பானில் 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்திலும் இதே கதை. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். தற்காலிக வீடுகளை முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துக் குலுக்கலில் ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான், யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்கு நியாயமான முறைதான். ஆனால் தெரிந்த முகமே இல்லாத இடத்தில் தனியாகக் கிடந்த முதியவர்கள் செத்து நாள் கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார்கள். ஜப்பான்காரர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். 2004 நீகாத்தா நிலநடுக்கத்தில் யமகோஷி கிராமத்தாரைக் குக்கிராமம் குக்கிராமமாகச் சேர்த்தே குடிவைத்தார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு இவானுமா என்ற ஊரில் சிலர் தெருவோடு சேர்ந்து போனார்கள், சிலர் குலுக்கலில் தனித்தனியாகப் போனார்கள். ஆராய்ச்சியாளர்கள் இந்த இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், சேர்ந்து போனவர்களிடம் ஒருவரையொருவர் போய்ப் பார்ப்பதும் கூடிப் பேசுவதும் கூடியிருந்தது, குலுக்கலில் போனவர்களிடம் குறைந்திருந்தது. அதற்கு ஒரு யென் கூடக் கூடுதல் சிமெண்ட் செலவாகவில்லை, பட்டியல் தயாரிக்கிறவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, கொள்ளை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு மழைக்கும் "வெள்ளத்தைப் பயன்படுத்திக் கைவரிசை" என்று ஒரு செய்தி கட்டாயம் வருகிறது. 1963-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் என்ரிகோ குவாரன்டெல்லி, ரஸ்ஸல் டைன்ஸ், யூஜின் ஹாஸ் என்று மூன்று சமூகவியலாளர்கள் பேரிடர் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள், 1985-இல் அது டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு மாறியது, இன்றும் நடக்கிறது. ஆரம்பத்தில் பணம் கொடுத்தவர்களின் கவலை, அணுகுண்டு விழுந்தால் ஜனங்கள் பித்துப்பிடித்து ஓடுவார்களா, கடைகளை உடைப்பார்களா என்பதுதான். அதைத் தெரிந்துகொள்ள நிலநடுக்கம், புயல், வெள்ளம் எது வந்தாலும் இவர்கள் ஆள் அனுப்பி நூற்றுக்கணக்கான இடங்களில் பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் கிடைத்த பதில் ஒன்றுதான்: இயற்கைப் பேரிடரில் பீதியில் ஓடுவதும் அபூர்வம், கொள்ளையும் அபூர்வம், முதலில் காப்பாற்றுவது அக்கம்பக்கத்தார், திருட்டு நடக்கும் என்ற பயம் மட்டும் எல்லா இடத்திலும் நிறைய. அந்தப் பயத்தில்தான் ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப மறுக்கிறார்கள். கடலோர மாவட்ட வி.ஏ.ஓ. யாரையாவது கேட்டுப் பாருங்கள், புயல் மையத்துக்கு வரமாட்டேன் என்பவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று: ஆடு, மாடு, அப்புறம் வீட்டில் இருக்கிற சாமான்.

அபூர்வம் என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. 1989-இல் ஹ்யூகோ புயல் கரீபியனில் செயின்ட் குரோய் தீவைத் தாக்கியபோது உண்மையிலேயே பெருங்கொள்ளை நடந்தது. குவாரன்டெல்லி அதையும் போய்ப் பார்த்தார். ஏற்றத்தாழ்வு அதிகம், ஏற்கெனவே திருட்டு அதிகம், போலீஸ் மேல் யாருக்கும் மதிப்பில்லை, தீவு வேறு துண்டாகிவிட்டது, இவ்வளவும் சேர்ந்த இடத்தில் நடந்தது என்று எழுதினார். தனக்கு ஒத்துவராத கேஸையும் எடுத்துப் பார்ப்பதால்தான் இதை ஆராய்ச்சி என்கிறோம்.

கொள்ளை அபூர்வம் என்று இந்த ஆராய்ச்சி சொல்வதை நம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 2005 கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் தண்ணீரில் கிடக்கும்போது, கொலை, பாலியல் வன்கொடுமை, துப்பாக்கிச் சூடு என்று தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஓடியது. பிறகு விசாரித்தால் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமே இல்லை. அதற்குள் ஆகஸ்ட் 31 அன்று, கூரையில் ஏறி நின்ற ஜனங்களை மீட்டுக்கொண்டிருந்த போலீசாரை மேயர் கொள்ளையைத் தடுக்கப் போகச் சொல்லிவிட்டார். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதம் எதுவும் இல்லாமல் நடந்துபோன மக்களைப் போலீசாரே சுட்டார்கள், இரண்டு பேர் செத்தார்கள், நான்கு பேருக்குக் காயம். வழக்கில் சிக்கிய அதிகாரிகள் எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிய 2016 வரை ஆனது. நம் 2015 வெள்ளத்தில் நடந்தது என்ன? மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்தார்கள், முன்பின் தெரியாதவர்கள் சமைத்துப் பொட்டலம் கட்டினார்கள். அதையும் நீங்கள் எழுதினீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மழைக்குப் பத்திரிகைக்கு நினைவு வருவது கைவரிசைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆஹா, சமூகம் என்றால் சொர்க்கம், ஊர் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கு நாகப்பட்டினத்தைச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் அந்த ஒரு மாவட்டம். மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. அதனால் நிவாரணம் வேகமாக வந்தது, அதிகாரிகளோடும் தொண்டு நிறுவனங்களோடும் பேசிக் கிராமம் கிராமமாகவே சேர்ந்து இடம் மாற முடிந்தது. சென்னைக்காரர்களுக்கு இது கிடைக்கவில்லை. ஆனால் பட்டியல் யாருடையது? ஊருக்கு வரி கட்டுகிற தலைக்கட்டு யாரோ அவர்களுடையது. விதவைகள், தனியாக வாழும் பெண்கள், அந்தக் கரையை நம்பியே கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்கள், இருளர்கள், இவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, பல இடங்களில் முகாமிலும் தண்ணீர்த் தொட்டியிலும்கூட இடம் தரப்படவில்லை. டேனியல் ஆல்ட்ரிச் என்பவர், அவர் அரசியல் அறிவியல்காரர், எங்கள் ஆள் இல்லை, தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமங்களில் இதை ஆராய்ந்து எழுதினார்: உள்ளே இருப்பவர்களைத் தூக்கிவிட்ட அதே பிணைப்பு, வெளியே இருப்பவர்களைத் தள்ளியும் விட்டது. எனவே பேரிடர் நடந்த இடத்தில் கண்காணிக்க வேண்டியது பூட்டை உடைப்பவனை மட்டுமில்லை, பட்டியல் எழுதுகிறவரையும்தான். அந்தத் திருட்டுக்கு எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போடமாட்டார்கள்.

இனி எங்கள் குறை. நம் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் முனைவர் பட்ட ஆய்வுகளைப் புரட்டினால், பாதி "இன்னார் சமூகப் பொருளாதார நிலை, ஓர் ஆய்வு" என்றிருக்கும். முந்நூறு பேரிடம் கேள்வித்தாள், நாற்பது அட்டவணை, வயது வாரியாக, கல்வி வாரியாக, கடைசியில் "அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று பரிந்துரை. பைண்டு பண்ணி நூலகத்தில் வைத்தால் வாய்மொழித் தேர்வோடு அதன் ஆயுள் முடிந்தது. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும் என்பதால் காசு வாங்கிக்கொண்டு அச்சடிக்கிற இதழ்களில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேள்வி கேட்ட பெரியவர் இதைப் பார்த்துத்தான் எழுதினார் என்றால் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரும்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிய லாரி கிளம்பும் முன்னால் யாராவது ஒரு சமூகவியல் துறையைக் கூப்பிட்டு, இந்தச் சந்தில் யாருக்கு யார் ஆதரவு, யார் யாரைச் சேர்த்து வைக்க வேண்டும், ஒரு வாரத்தில் எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார்களா? எங்கள் மாணவர்களே செய்வார்கள், அவர்களில் பாதிப்பேர் அந்தச் சந்துகளில் பிறந்தவர்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு மறுகுடியமர்வுக்கு ஒரு வரைவுக் கொள்கை வெளியிட்டது, குடிசை மாற்று வாரியத்துக்கும் பெயரை மாற்றி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றாக்கியது. பெயர் மாறியது நல்லதுதான், பிளாக் ஒதுக்குகிற முறையும் மாறட்டும். ஒரு சந்துக்கு ஒரு மாடி என்று எடுத்துக்கொண்டால் போதும், அதற்கு நிதி ஒதுக்கீடே தேவையில்லை. அதோடு, இந்தக் குடியிருப்புகளில் இப்போது இருப்பவர்களில் பழைய அக்கம்பக்கத்தாரோடு வீடு மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அதை அலைச்சல் இல்லாமல் அனுமதிக்கலாம். ஆட்சேபம் என்று ஒன்று வரும் என்றால், பத்திரப்பதிவு சிக்கல் என்பார்கள். சிக்கல்தான், தீர்க்க முடியாத சிக்கல் இல்லை.

உங்களிடம் கேட்க இருப்பது அதைவிடச் சுலபம். கைதானவரின் குடியிருப்பைத் தலைப்பில் போடாதீர்கள். அண்ணா நகர் ஆள் ஒருவர் மோசடியில் கைதானால் "அண்ணா நகர் வாலிபர்" என்று போடுவதில்லை, அவருடைய தொழிலைப் போடுகிறீர்கள், "தனியார் நிறுவன இயக்குநர்" என்று. 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கியபோது அணியில் இருந்த ஒரு பெண் கண்ணகி நகர் என்பதை எல்லாரும் பெரிதாகப் போட்டீர்கள், என் மாணவர்கள் அதைப் போனில் வைத்துக் காட்டினார்கள், சந்தோஷம். ஆனால் வருடத்துக்கு ஒரு தங்கம் வரலாம், வாரத்துக்கு இரண்டு கைது செய்தி வருகிறதே, ஃபார்ம் நிரப்புகிற பிள்ளைக்கு எது எதிரே வந்து நிற்கும்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வழக்கமாக நீங்கள் வெளியிடும் மழைக்கால முன்னெச்சரிக்கைப் பக்கத்தில், உதவி எண்களுக்குக் கீழே நான்கு வரி இடம் கொடுத்தால், எங்கள் துறை மாணவர்கள் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் பிளாக் வாரியாகத் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் எடுத்து, அந்தந்த மாடியில் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்களைச் சேர்க்கிற வேலையைப் பற்றி அதில் அறிவிப்புக் கொடுக்க விரும்புகிறோம். கடிதம் எழுதிய பெரியவரும் வரலாம். அங்கே ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில்தான் கூடுகிறோம், ஞாயிறு காலை. டீ எங்கள் செலவு.

இப்படிக்கு,
சமூகவியல் ஆசிரியை ஒருவர்,
சென்னை